கார் அடியில் சிவப்புக் கறையா? பவர் ஸ்டீயரிங் லீக்... ரேக்கை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வெள்ளிக்கிழமை ராத்திரி பிளான் ஓகே ஆகிடுச்சு. ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர், வீட்டுல நிக்கிற பழைய டீசல் கார், கொல்லிமலை. விடியற்காலை அஞ்சு மணிக்கு காரை ரிவர்ஸ் எடுத்தா, அது நின்ன இடத்துல தரையில சின்னதா ஒரு சிவப்புக் கறை. ஸ்டீயரிங்கைத் திருப்பினா ‘ம்ம்ம்ம்’னு ஒரு முனகல். நேத்து வரைக்கும் ஒத்தை விரலால சுத்தின ஸ்டீயரிங், இன்னைக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்குது.

இந்த இடத்துல உங்களுக்கு ரெண்டு அட்வைஸ் கிடைக்கும். ஃப்ரெண்ட் சொல்வான், “ஒரு பாட்டில் ஆயில் வாங்கி ஊத்திட்டுப் போலாம்டா, பார்த்துக்கலாம்.” போன்ல மெக்கானிக் அண்ணன் சொல்வார், “ரேக் போச்சு தம்பி, மொத்தமா மாத்திடலாம்.”

ரெண்டுமே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. முதல் அட்வைஸ், 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைப்பாதையில உங்களை மாட்டிவிடலாம். ரெண்டாவது, சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் பில் போட வைக்கலாம். எது உண்மைனு தெரிஞ்சுக்க நீங்க மெக்கானிக்காக இருக்கணும்னு அவசியம் இல்லை. ஒரு டார்ச், ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு நாள் பொறுமை போதும்.

முதல்ல, உங்க கார்ல ஆயில் இருக்கா?

இதைக் கேட்காம ஆரம்பிக்கவே கூடாது. இன்னைக்கு வர்ற புது கார்கள்ல பெரும்பாலானவற்றில் இருப்பது எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். மோட்டார்தான் உதவி செய்யும். ஆயிலும் கிடையாது, பம்ப்பும் கிடையாது, லீக்கும் கிடையாது. 1988-ல் ஜப்பானில் சுஸுகி செர்வோ காரில் வந்த தொழில்நுட்பம், இப்போ நம்ம ஊர் சின்ன கார்கள் வரைக்கும் வந்துடுச்சு.

ஆனால், செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் நீங்க பார்க்கிற முதல் தலைமுறை இன்னோவா, பொலேரோ, பழைய சான்ட்ரோ ஜிங், இண்டிகா மாதிரியான கார்கள்ல பவர் ஸ்டீயரிங் இருந்தா, அது ஹைட்ராலிக் வகை. அதாவது, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. பானெட்டைத் திறந்து பாருங்க. ஸ்டீயரிங் படமோ, ‘பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிட்’ என்ற எழுத்தோ போட்ட மூடியோட ஒரு சின்ன டப்பா இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இது எப்படி வேலை செய்யுது?

ஊசி போடுற சிரிஞ்ச்சை நினைச்சுக்கோங்க. குழாய்க்குள்ள ஒரு தண்டு, தண்டுல ஒரு ரப்பர். இந்தப் பக்கம் அழுத்தினா அந்தப் பக்கம் நகரும். ஸ்டீயரிங் ரேக் என்பது கிட்டத்தட்ட ரெண்டு பக்கமும் வேலை செய்யுற ஒரு பெரிய இரும்பு சிரிஞ்ச்.

இன்ஜின் பெல்ட், பம்ப்பைச் சுத்துது. பம்ப், டப்பாவில் இருக்கிற ஆயிலை அழுத்தத்தோட ரேக்குக்கு அனுப்புது. நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, ரேக் மேல இருக்கிற வால்வுக்குள்ள ஒரு மெல்லிய கம்பி லேசா முறுக்கிக்கும். அந்த முறுக்கைப் பொறுத்து, வால்வு ஆயிலை இடது அறைக்கோ வலது அறைக்கோ திருப்பிவிடும். ஆயில் தள்ள, தண்டு நகர, டை ராடு வழியா சக்கரம் திரும்புது. வேலை முடிஞ்ச ஆயில் திரும்பவும் டப்பாவுக்கே போயிடும்.

இந்த ஐடியாவை அமெரிக்க இன்ஜினீயர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே ஒரு காரில் பொருத்திக் காட்டிட்டார். ஆனா, விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பிடிச்சது 1951-ல், கிறைஸ்லர் இம்பீரியலில்தான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் அழுத்தம். உங்க கார் டயர்ல இருக்கிற காற்று 30 - 35 பி.எஸ்.ஐ. ஸ்டீயரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சுப் பிடிக்கும்போது, பவர் ஸ்டீயரிங் ஆயில் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். இவ்வளவு அழுத்தத்தையும் உள்ளேயே நிறுத்தி வைக்கிறது சில ரப்பர் சீல்கள்தான். வயசானா அதுங்க இறுகும், வெடிக்கும். அதான் லீக்.

‘ஊத்திக்கிட்டே ஓட்டலாம்’ ஏன் ஆபத்து?

ஆயில் தீர்ந்துட்டா ஸ்டீயரிங் ஒரேயடியா லாக் ஆகிடும்னு பலர் பயப்படுறாங்க. அப்படி இல்லை. சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல இரும்பு இணைப்பு இருக்கு. ஆயில் இல்லைன்னாலும் கார் திரும்பும். ஆனா, பயங்கர கனமா இருக்கும். ஹைவேயில் நேரா போகும்போது பெருசா தெரியாது. கொண்டை ஊசி வளைவில், எதிரே பஸ் வரும்போது, திடீர்னு அந்தக் கனம் கைக்கு வந்தா? பழக்கமில்லாத ஒருத்தர் ஓட்டிட்டிருந்தா? அங்கதான் சிக்கல்.

இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. பம்ப்புக்குள்ள உராய்வைத் தடுக்கிறதும் இதே ஆயில்தான். ஆயில் குறைஞ்சு காற்றை உறிஞ்ச ஆரம்பிச்சா பம்ப் தேயும். அப்போ வர்றதுதான் அந்த முனகல் சத்தம். அப்படியே ஓட்டினா பம்ப் இறுகி, பெல்ட்டையும் கெடுக்கலாம். பல கார்களில் அதே பெல்ட்தான் ஆல்டர்நேட்டரையும் சுத்துது. ஒரு சீல் செலவு, பம்ப், பெல்ட், டோயிங்னு வளரும். கடைசியா, இந்த ஆயில் எரியக்கூடியது. சூடான எக்ஸாஸ்ட் பைப் மேல சொட்டினா புகை வரும், நேரம் கெட்டா தீயும் பிடிக்கும்.

அது என்ன ஆயில்? கலர் டெஸ்ட்

கார் நிறுத்தும் இடத்தில் முன்பக்கம் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரிச்சு வைங்க. காலையில் பாருங்க.

நிறமே இல்லாம, தண்ணி மாதிரி இருந்தா, அநேகமா ஏ.சி தண்ணி. கவலை வேண்டாம்.

பழுப்பு அல்லது கறுப்பா, பிசுபிசுன்னு இருந்தா இன்ஜின் ஆயில்.

பச்சை, பிங்க், ஆரஞ்சு மாதிரி நிறத்தில், தண்ணியா, லேசான இனிப்பு வாசனையோட இருந்தா கூலன்ட்.

சக்கரத்துக்கு உள்பக்கம் வெளிர் மஞ்சளா இருந்தா பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படின்னா வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

சிவப்பா, எண்ணெய்ப் பசையோட இருந்தா பவர் ஸ்டீயரிங் ஆயிலா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா, ஒரு எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் பெரும்பாலும் சிவப்புதான். நிறைய கார்கள்ல ரெண்டுக்கும் ஒரே வகை ஆயிலே பயன்படுது. சில கம்பெனிகள் வெளிர் மஞ்சள், பச்சை நிற பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பயன்படுத்துறாங்க. பழசானா எல்லாமே கறுக்கும். அதனால, நிறத்தை மட்டும் நம்பாம டப்பாவையும் திறந்து பாருங்க. அதில் இருக்கிற ஆயிலும் தரையில் இருக்கிறதும் ஒரே மாதிரி இருக்கா? அளவு குறைஞ்சிருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா, ஆள் சிக்கிட்டான்.

ஆயில் அளவை சமதளத்தில் கார் நிக்கும்போது பாருங்க. டப்பாவில் ‘ஹாட்’, ‘கோல்டு’னு ரெண்டு கோடு இருந்தா, வண்டி சூடா இருக்கா, ஆறியிருக்கான்னு பார்த்து அதுக்கேத்த கோட்டைக் கவனிங்க. ஆயிலில் நுரை, குமிழி இருந்தா எங்கேயோ காற்று உள்ளே போகுதுன்னு அர்த்தம்.

எங்கே லீக்? மேலிருந்து கீழே பாருங்க

பெரிய தப்பு நடக்கிறது இங்கதான். ரேக் இருப்பது காரின் அடியில். மேலே எங்கே ஒழுகினாலும் ஆயில் வழிஞ்சு ரேக் மேலதான் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவர், ‘ரேக் ஈரமா இருக்கு, அப்போ ரேக்தான் லீக்’னு சொல்லிடுவார். நம்ம வீட்டுக் கூரையில் ஒழுகுற இடமும், தரையில் தண்ணி சொட்டுற இடமும் ஒண்ணா இருக்காதே... அதே கதைதான்.

அதனால, முதல் வேலை சுத்தம் பண்றது. இன்ஜின் ஆறினப்புறம் டப்பா, ஹோஸ், பம்ப், ரேக் எல்லாத்தையும் டீகிரீசர் போட்டுத் துடைச்சுக் காயவிடுங்க. சர்வீஸ் சென்டர்ல சொன்னாலும் பண்ணிக்கொடுப்பாங்க. ஆயிலைச் சரியான அளவுக்கு ஊத்துங்க. பக்கத்துத் தெரு வரைக்கும் ஓட்டிட்டு வந்து, டார்ச் அடிச்சு மேலிருந்து இந்த வரிசையில் பாருங்க.

ஒண்ணு, டப்பா. விரிசல் இருக்கா, மூடி வாஷர் சரியா இருக்கா?

ரெண்டு, டப்பாவோட சேர்ற ரப்பர் ஹோஸ்கள். இதுல அழுத்தம் ரொம்பக் குறைவு. கிளிப் தளர்ந்தாலோ, ரப்பர் வெடிச்சாலோ கசியும். மொத்தத்திலேயே சுலபமான ரிப்பேர் இதுதான்.

மூணு, பம்ப். அதன் தண்டு வெளியே வர்ற இடத்தில் இருக்கிற சீல் போனா, பெல்ட் பக்கமெல்லாம் ஆயில் தெறிச்சிருக்கும்.

நாலு, பம்ப்பில் இருந்து ரேக்குக்குப் போற பிரஷர் ஹோஸ். இரும்புக் குழாயும் ரப்பரும் சேர்த்து நசுக்கப்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். ரேக்தான் போச்சுன்னு தப்பாச் சொல்ல வைக்கிறதில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

அஞ்சு, ரேக்கில் குழாய்கள் வந்து சேரும் நட்டுகள். உள்ளே இருக்கிற ஓ-ரிங் அல்லது காப்பர் வாஷர் மட்டும் போயிருக்கலாம்.

இது எல்லாமே காய்ஞ்சு இருக்கா? அப்போதான் ரேக் மேல சந்தேகப்படணும்.

சத்தத்தோட லீக் வர்ற இடத்தைப் பார்க்கணும்னா, ஒருத்தர் இன்ஜினை ஐடிலில் விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், நீங்க மேலிருந்து தள்ளி நின்னு பாருங்க. ஓடுற இன்ஜின்ல கையைவிட்டுத் தடவிப் பார்க்காதீங்க. பெல்ட் சுத்துது, அழுத்தத்தில் பீய்ச்சுற ஆயில் தோலையே துளைக்கும். இன்னொண்ணு, ஜாக்கியை மட்டும் நம்பி கார் அடியில் படுக்கவே கூடாது.

ரேக்தானா? பெல்லோஸ் சொல்லிடும்

ரேக்கோட ரெண்டு முனையிலும் அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும். அதான் பெல்லோஸ். தூசும் தண்ணியும் உள்ளே போகாம காக்கிறதுதான் அதன் வேலை. பெல்லோஸுக்குள்ள ஆயில் இருக்கவே கூடாது. கொஞ்சம் கிரீஸ் இருக்கலாம், அவ்வளவுதான்.

லிஃப்ட்டில் காரை ஏத்தி, பெல்லோஸை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க. தண்ணிப் பை மாதிரி தளதளன்னு இருந்தா, வெளிமுனையில் இருக்கிற சின்ன கிளிப்பைக் கழட்டி உறையை லேசா விலக்கினாலே போதும். ஆயில் கொட்டினா, ரேக்கின் முனை சீல் போயிடுச்சு. இதுக்கு மேல சாட்சி தேவையில்லை. பல ரேக்குகளில் ரெண்டு பெல்லோஸுக்கும் நடுவில் காற்றுக் குழாய் ஒண்ணு இருக்கும். அதனால, ஒரு பக்க லீக் மறுபக்கத்துக்கும் போகலாம்.

ஸ்டீயரிங் ராடு ரேக்குக்குள்ள நுழையுற மேல்பகுதி ஈரமா இருந்தா, அது பினியன் சீல்.

ஆயில் குறையவே இல்லை, ஆனா காலையில் வண்டி எடுத்ததும் ஸ்டீயரிங் கனமா இருக்கு, சூடானதும் சரியாகுது... இப்படியும் ஒரு கேஸ் இருக்கு. ரேக்குக்குள்ளேயே ஒரு அறையில் இருந்து இன்னொண்ணுக்கு ஆயில் கசியலாம். தேய்ஞ்ச பம்ப்பும் இதே மாதிரி காட்டும். அதனால, பிரஷர் கேஜ் வெச்சுப் பார்த்தப்புறம்தான் முடிவு பண்ணணும்.

சீல் ஏன் போகுது?

வயசும் சூடும் முதல் காரணம். ரெண்டாவது, கிழிஞ்ச பெல்லோஸ். அது வழியா சேறும் தண்ணியும் போய், பளபளன்னு இருக்கவேண்டிய ரேக் தண்டில் துரு புள்ளி விழும். அந்தத் தண்டு ஒவ்வொரு தடவை நகரும்போதும், அந்தத் துரு ரம்பம் மாதிரி சீலை அறுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார் தண்ணியில் நின்னதுன்னு நாம பார்த்தோம். அப்படித் தண்ணியில் நின்ன காரில் பெல்லோஸ் கிழிஞ்சிருந்தா, விளைவு மாசக்கணக்கில் கழிச்சுக்கூடத் தெரியும். பழைய கார் வாங்குறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

மூணாவது, நம்ம பழக்கம். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, அங்கேயே பிடிச்சுக்கிட்டு நிக்கிறது. அழுத்தமும் சூடும் உச்சத்துக்குப் போறது அப்போதான். முழுசா ஒடிச்சதும் ஒரு இம்மி திருப்பி விட்டுடுங்க, ரேக் உங்களுக்கு நன்றி சொல்லும்.

ரிப்பேர்: நாலு வழி

ஹோஸ், கிளிப், வாஷர் பிரச்னைன்னா அதை மட்டும் மாத்தினா போதும். ரேக்கைத் தொடவே வேண்டாம்.

ரேக் சீல்தான் போயிருக்குன்னா, ‘சீல் கிட்’ போடலாம். ரேக்கை இறக்கிப் பிரிச்சு எல்லா சீலையும் மாத்துவாங்க. செலவு குறைவு. ஆனா, ஒரு நிபந்தனை. தண்டில் துரு, கீறல் இருக்கக் கூடாது. இருந்தா புது சீலும் சீக்கிரமே அறுந்துடும். பிரிச்சதும் தண்டை உங்ககிட்ட காட்டச் சொல்லுங்க. விரல் நகத்தை ஓட்டினா எங்கேயும் தட்டக் கூடாது.

மூணாவது, ரீகண்டிஷன் பண்ணின ரேக். தண்டைச் சாணை பிடிச்சு, குரோம் பூசி, சீல் மாத்தி, அழுத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணித் தர்ற பட்டறைகள் இருக்கு. டெஸ்ட் பண்ணினாங்களா, வாரன்ட்டி உண்டான்னு கேட்டு வாங்குங்க. புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கிற கழட்டின ரேக் விலை குறைவுதான். ஆனா, அதோட சீலுக்கும் உங்க கார் சீல் வயசே இருக்கலாம்!

நாலாவது, புது ரேக். தண்டு, பல், வால்வு எல்லாமே தேய்ஞ்சிருந்தா இதுதான் சரி. செலவு அதிகம். பழைய கார்னா, காரின் இன்றைய மதிப்போட ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்க.

‘லீக் ஸ்டாப்’ பாட்டில் ஊத்தலாமான்னு கேட்பீங்க. அது இறுகின ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும். லேசான கசிவு சில நாள் குறையலாம். அறுந்த சீலை அது ஒட்டாது. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை மட்டும் ஊத்திடாதீங்க. அது வேறு ரசாயனம், ஸ்டீயரிங் சீல்கள் எல்லாமே ஊறிக் கெட்டுப்போகும். ஓனர் மேனுவலில் எந்த ஆயில்னு போட்டிருக்கோ அதை மட்டும் ஊத்துங்க.

மெக்கானிக் வேலை செய்யும்போது...

ரேக்கைக் கழட்டும் வேலை வீட்டு வாசலில் செய்யக் கூடியதில்லை. ஆனா, பக்கத்துல நின்னு இந்த அஞ்சு விஷயத்தைக் கேளுங்க.

“அண்ணே, ஸ்டீயரிங்கை நேரா வெச்சுக் கட்டிட்டீங்களா?” ஏர்பேக் உள்ள காரில், ரேக் கழட்டின நேரம் ஸ்டீயரிங் இஷ்டத்துக்குச் சுத்தினா, ஏர்பேக் வயர் சுருள் அறுந்துடும். அது தனிச் செலவு. அதைவிட முக்கியம், விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம்.

“ராடு சேர்ற இடத்துல மார்க் பண்ணிட்டீங்களா?” இல்லைன்னா ஸ்டீயரிங் கோணலா உட்காரும்.

“பழைய ஆயிலை முழுசா எடுத்துட்டீங்களா?” பழைய ஆயிலில் இருக்கிற ரப்பர் துகளும் இரும்புத் தூளும் புது சீலைக் கெடுக்கும்.

“ஏர் எடுத்தாச்சா?” முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஆன் பண்ணாம, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு மெதுவா பலமுறை திருப்பணும். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க ஊத்தணும். குமிழி நின்னப்புறம்தான் இன்ஜினை ஆன் பண்ணி மறுபடி திருப்பணும். அவசரப்பட்டு நேரா ஸ்டார்ட் பண்ணினா ஆயில் நுரைச்சுடும், புது ரேக்கிலும் அதே முனகல் கேட்கும்.

“அலைன்மென்ட் எப்போ?” டை ராடு கழட்டி மாட்டினா வீல் அலைன்மென்ட் கட்டாயம். விட்டா புது டயர் ஒரு பக்கமா தேய்ஞ்சு நிக்கும்.

கழட்டின பழைய சீலையும் ஹோஸையும் கையில் வாங்கிப் பாருங்க. உங்க காசு கொடுத்து மாத்தினது, பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், அவரே காட்டி விளக்குவார்.

சரி, இப்போ வண்டியை எடுக்கலாமா?

ஹோஸ் முனையில் லேசான ஈரம் மட்டும், தரையில் சொட்டு இல்லை, அளவு குறையலைன்னா, வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்துக்கிட்டு ஊருக்குள்ள ஓட்டலாம். அட்டையில் தினமும் சொட்டு விழுதுன்னா, அந்த வாரமே பட்டறைக்குப் போங்க, மலைப் பயணம் வேண்டாம். ஊத்தின ஆயில் ஓரிரு நாளிலேயே குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழ போகுது, சத்தம் வருது, எக்ஸாஸ்ட் பக்கம் புகை வாடை அடிக்குதுன்னா, வண்டியை நிறுத்துங்க. டோயிங் செலவு பம்ப் செலவைவிடக் கம்மி.

பழைய கார் வாங்கப் போறீங்களா? இன்ஜின் ரூமைப் பளபளன்னு கழுவி வெச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க. லீக் அடையாளமும் சேர்ந்தே கழுவப்பட்டிருக்கும். அரை மணி நேரம் ஓட்டி, பார்க்கிங்கில் நாலு தடவை ஒடிச்சுத் திருப்பிட்டு, அப்புறம் அடியில் டார்ச் அடிங்க. பெல்லோஸை அழுத்திப் பாருங்க. பேரம் பேச அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

கொல்லிமலை எங்கேயும் போயிடாது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். இன்னைக்கு ராத்திரி கார் அடியில் அந்த அட்டையை மட்டும் போட்டு வைங்க. காலையில் காபியோட போய்ப் பாருங்க.